மூன்று வாரத்துக்கு நிறுத்திய கார்

இன்று காலை உன் காரின் பானெட்டைத் தூக்கினேன். அந்துருண்டை வாசம் குப்பென்று முகத்தில் அடித்தது. பழைய வேட்டித் துணியில் முடிந்து நான் கட்டித் தொங்கவிட்டது அப்படியே இருந்தது. உருண்டைகள் கரைந்துவிட்டன, வாசம் போகவில்லை. எலி ஒரு வயரைக்கூடத் தொடவில்லை. அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்திருக்கிறேன். யாருக்காகப் பார்த்தேன் என்று நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

கார் கிளம்பவில்லை. பேட்டரி செத்துக் கிடந்தது. வண்டியை விற்க வந்திருக்கும் உன் மகன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்திருந்தான். மாசக்கணக்கில் நிற்கப்போகிற வண்டியில் பேட்டரி வயரைக் கழற்றாமல் விடலாமா, தென்காசியில் இத்தனை வருஷம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிற அண்ணாச்சிக்கு இது தெரியாதா என்று அவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார். பதில் சொல்ல வேண்டியவன் நீ.

அன்று உன் ஊர் மேலகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகிறேன், வண்டியைப் பத்திரமாக நிறுத்த வேண்டும், வா என்று போன் போட்டாய். கடையைப் பாதியில் மூடிவிட்டு வந்தேன். டேங்க் நிறைந்திருந்தால்தான் உள்ளே ஈரம் சேராது என்று முதலில் உன்னைப் பெட்ரோல் பங்குக்கு இழுத்துப் போனேன். டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று அடித்தோம். வீட்டுக்கு வந்து, தேங்காய் விழாத இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினேன். சாரல் ஈரத்தில் பிரேக் ஒட்டிக்கொள்ளும் என்பதால் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல், கியரில் விட்டு, சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தேன். குற்றாலத்துக் குரங்குகள் உங்கள் தெரு வரை வந்து வைப்பர் ரப்பரை உரித்துப் போடும். அதனால் இரண்டு வைப்பரையும் கழற்றி டிக்கிக்குள் வைத்தேன். நீ குடை பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தாய். ஏன் இப்படி மெலிந்து போயிருக்கிறாய் என்று கேட்டேன். சுகருக்காகச் சோற்றைக் குறைத்திருக்கிறேன் என்றாய். நல்ல காரியம் என்று உன்னைப் பாராட்டினேன். நான் எவ்வளவு பெரிய முட்டாள் என்று அப்போது உனக்குள் சிரித்தாயா?

கடைசியாக ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். மூன்று வாரம் என்றால் பேட்டரி தாங்கும், அதற்கு மேல் என்றால் வயரைக் கழற்றிவிடுகிறேன், எத்தனை நாள் ஆகும்? நீ என்னைப் பார்க்காமல் பேட்டரியையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

"மூணு வாரந்தாம்லே. கழட்டாத. வந்து எறங்குன அன்னைக்கே இதுல பழைய குத்தால அருவிக்குப் போவோம்."

வாரம் ஒரு தடவை வந்து ஸ்டார்ட் செய்து வைக்கட்டுமா என்றதற்கு, எதற்கு வீணாக அலைகிறாய் என்று தடுத்துவிட்டாய். நான் வந்து போனால் அக்கம்பக்கத்தில் யாராவது உண்மையை உளறிவிடுவார்கள் என்று பயந்திருக்கிறாய்.

மூன்று வாரம் ஆயிற்று. போன் செய்தேன். பேரன் விடமாட்டேன் என்கிறான் என்றாய். பின்னால் யாரோ பெண்கள் மலையாளத்தில் பேசுவது கேட்டது. டிவி என்றாய். அதையும் நம்பினேன். இன்றோ நாளையோ வந்துவிடுவாய் என்றுதான் வண்டிப் பக்கம் போகாமல் இருந்தேன்.

பிறகு செய்தி வந்தது. உன் வீட்டு முன்னால் நின்று, சென்னை வண்டி வரவேண்டிய தென்காசிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் குற்றாலம் பக்கமிருந்து வந்தது. சென்னையில் இறந்தவன் எப்படி மேற்கிலிருந்து வருவான் என்று உன் மச்சினனிடம் கேட்டேன். பாவூர்சத்திரத்தில் காய்கறிக் கடை வைத்து நாள் முழுக்கச் சத்தமாகப் பேசுகிற மனிதர், தலை குனிந்தபடி சொன்னார். திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறாய். திரும்பி வருவது கஷ்டம் என்று தெரிந்துதான் போயிருக்கிறாய். காலையில் கிளம்பிச் செங்கோட்டை தாண்டி மலையேறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் உன் கட்டிலருகே நான் இருந்திருப்பேனே.

மச்சினனுக்குத் தெரிந்திருக்கிறது. பால் ஊற்றுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. உன் சட்டைக்கு இஸ்திரி போடுகிறவருக்கும் தெரிந்திருக்கிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் உன் மனைவியிடம், மதினியிடம், நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக அண்ணாச்சி. அவன் அழுதா என்னால தாங்க முடியாதுன்னாக."

எல்லாரும் இதைப் பாசம் என்கிறார்கள். எனக்கு இது துரோகமாகத்தான் படுகிறது. அழுதிருப்பேன், இல்லை என்று சொல்லவில்லை. அழுது முடித்துவிட்டு உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே, நீ வருவதற்கான வேலையை என்னைக் கொண்டு செய்யவைத்தாய். குடை வேறு பிடித்தாய்.

இன்று என் கடையிலிருந்தே புது பேட்டரி கொண்டுவந்து மாட்டினேன். வண்டி உடனே கிளம்பியது. உன் மகன் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னான். நான் ஏறவில்லை.

நீ கொடுத்துவிட்டுப் போன ஒன்று மட்டும் என்னைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. போன வாரம் என் மகள் கோயம்புத்தூருக்குக் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போய்விட்டு வருகிறேன் என்றாள். எல்லாரும் சொல்வதுதான். உடம்புக்கு ஒன்றும் இல்லையே, உண்மையைச் சொல் என்று கேட்டுவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினாள். சூடு இல்லை. பஸ் போன பிறகும் நான் அவளை நம்பவில்லை.