உங்கள் தம்பி கடல் பார்த்த கதை

ஷார்ஜா,
வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து.

அன்பும் மரியாதையும் உள்ள விலாசினி சேச்சிக்கு,

சௌதாமினி எழுதுகிறேன். நானும் உங்கள் தம்பியும் நன்றாக இருக்கிறோம். இப்படி எழுதுவதற்கே இப்போதெல்லாம் உங்களிடம் பயப்பட வேண்டியிருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், நன்றாகவே இருக்கிறோம். உங்கள் முழங்காலுக்குத் தைலம் வாங்கி ஹம்ஸாக்கா கையில் கொடுத்திருக்கிறேன். உங்கள் தம்பியோடு ஒரே அறையில் பல வருஷம் இருந்த மனிதர், நான் அண்ணன் முறை வைத்து இக்கா என்கிறேன். லீவில் சாவக்காடு வருகிறார். இந்தக் கடிதமும் அவரோடுதான் வருகிறது.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேசுகிறீர்கள், நான் கேட்கிறேன். நான் வாயைத் திறந்ததும் "கேக்கல, கேக்கல, லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் லைன் போகாது. அதனால் உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

நான் படகில் போன போட்டோவைப் பார்த்துவிட்டு அம்பலத்துக் கோயில் வாசலில் நாலு பேர் கேட்க என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. "அங்க அவன் வெயில்ல உருகிக்கிட்டு கெடக்கான், இவ முடியைப் பறக்கவிட்டுக்கிட்டு கப்பல்ல உலாத்துறா." அது கப்பல் இல்லை, சேச்சி. துபாயில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் ஆளை ஏற்றிப் போகிற ஒரு திர்ஹம் படகு. முடி பறந்தது உண்மை. காற்று அடித்தால் பறக்கும். அந்தப் போட்டோவை எடுத்தது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. உங்கள் தம்பிதான் எடுத்தார். "இந்தப் பக்கம் திரும்பு, சிரி" என்று அவர்தான் சொன்னார்.

இந்த மனிதரை நான் இங்கே எப்படிக் கண்டேன் என்று சொன்னால்தான் உங்களுக்கு மற்றது விளங்கும்.

"ஃப்ளாட்டு, ஃப்ளாட்டு" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தாரே, அது ஒரு ஹாலைப் பலகை வைத்துத் தடுத்த இடம். நான் வருகிறேன் என்பதற்காக ஹம்ஸாக்காவும் மற்றவர்களும் இருக்கும் அறையை விட்டு இந்தத் தடுப்பை வாடகைக்கு எடுத்திருந்தார். கட்டில் போட்டால் கதவு முழுக்கத் திறக்காது. பலகைக்கு அந்தப் பக்கம் மெர்லி என்ற பிலிப்பைன்ஸ்காரி இருக்கிறாள். நான் இங்கே தும்மினால் அவள் அங்கேயிருந்து ஆசீர்வாதம் சொல்லுவாள். இதை ஒரு குறையாக எழுதவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்.

வந்த முதல் வெள்ளிக்கிழமை நானும் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதியம்வரை தூங்கினார். துணி துவைத்தார். இஸ்திரி போட்டார். ஊருக்கு, அதாவது உங்களுக்கு, போன் செய்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். அவ்வளவுதான் அவருடைய லீவு நாள்.

"இங்க கடல் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரொம்ப தூரம்" என்றார்.

"நீங்க போயிருக்கீங்களா?"

"வந்த புதுசுல ஒரு தடவை."

மெர்லியைக் கேட்டேன். அவள் என்னைத் துணி காயப்போடும் பால்கனிக்குக் கூட்டிப்போய் கையை நீட்டினாள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே நீலமாக ஒரு கீற்று. நடந்தே போகலாமாம்! இவர் வேலைக்கு வந்த வயசில் தலை முழுக்கக் கறுப்பு, இப்போது காதோரம் எல்லாம் வெள்ளை. அத்தனை வருஷமும் கடலை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் சுவரைப் பார்த்திருக்கிறார்.

அன்றைக்கே இழுத்துக்கொண்டு போனேன். திருடப் போகிறவர் மாதிரி அங்கும் இங்கும் பார்த்துக்கொண்டே வந்தார். கடற்கரையில் திருவிழாக் கூட்டம். பாகிஸ்தான் பட்டாணியர்கள் கறி சுட்டுக்கொண்டிருக்கிறார்கள், எகிப்துக் குழந்தைகள் பந்தை உதைக்கின்றன, வங்காளிகள் கிரிக்கெட்டில் சண்டை போடுகிறார்கள். இவர் நின்றபடியே, "பாத்தாச்சுல்ல, வா போலாம்" என்கிறார். நான் உட்கார்ந்துவிட்டேன். "நீங்க போங்க. எனக்கு வழி தெரியும்" என்றேன். அவரால் போகவும் முடியவில்லை. கைக்குட்டையை விரித்து, அதன்மேல் பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்தபிறகுதான் சொன்னார். முதல் வருஷம் கூட்டாளிகளோடு இதே கரைக்கு வந்திருக்கிறார். யாரோ ஒருவனுடைய கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருடையதோ ஒரு காரில் சாய்ந்து போட்டோ எடுத்து ஆசையாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார். உங்கள் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த சமயம். வீட்டிலிருந்து பதில் வந்திருக்கிறது: "நீ அங்க ராஜா மாதிரி திரியுறே. இங்க நாங்க உன்னை நம்பி வாசலைப் பாத்துக்கிட்டு நிக்கிறோம்." எழுதியது யார் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய போட்டோக்களை எடுத்துப் பாருங்கள், சேச்சி. எல்லாவற்றிலும் சுவரோடு ஒட்டி, ஜெயிலில் எடுத்த மாதிரி நிற்பார். சிரித்தால் ஊருக்குக் கேட்டுவிடும் என்று பயந்து இருபத்தைந்து வருஷம் வாழ்ந்திருக்கிறார்.

அதனால்தான் நான் ஊர் சுற்றினேன். ஆமாம், சுற்றினேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சுற்றினோம். தேராவில் மீன் மார்க்கெட்டுக்குப் போய் மத்தியை மோந்து பார்த்து, "இது நம்ம மத்தி இல்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். ரோளாவில் பொரித்த பழம் வாங்கி நின்றபடியே சாப்பிட்டோம். ஒரு பெரிய கடையில் நகரும் படியில் ஏறத் தெரியாமல் நான் நிற்க, அவர் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஏறியபிறகும் கையை விடவில்லை. இதையெல்லாம் நாத்தனாருக்கு எழுதக்கூடாது என்று தெரியும். பேச்சை எடுத்தது நீங்கள்தானே.

ஒருநாள் கரையில் இவருடைய கம்பெனி மேனேஜர் குரியன் சார் குடும்பத்தோடு எதிரே வந்தார். இவர் சட்டென்று என் கையை உதறிவிட்டு ஒதுங்கினார். அந்த ஆள் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "என்ன திவாகரா, வயசான காலத்துல ஹனிமூனா?" என்று இளித்தார். உங்கள் தம்பி தரையைப் பார்க்கிறார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, "ஆமா சார், அப்பவே போயிருக்கணும். நீங்க இப்பத்தானே லீவு குடுத்தீங்க" என்று சொல்லிவிட்டேன். அவருடைய மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேலைக்கு ஆபத்து வந்துவிடும் என்று இவர் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் சாயங்காலம் வந்து, "ஸ்டோர்ல எல்லாரும் அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறானுங்க" என்றார். சொல்லும்போது அவரும் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் உங்கள் போன் வந்தது. "விசிட் விசா முடியறதுக்கு முன்னால அவளை ஏத்தி விடு. வீடு பூட்டிக் கெடக்கு." உடனே எனக்குச் சொல்லாமல் டிக்கெட் எடுத்துவிட்டார். அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் மெர்லி டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டாள். அவளுக்கு மலையாளம் தெரியாது. சண்டைக்கு மொழி எதற்கு?

"இத்தனை வருஷம் நீங்க லீவுக்கு வந்துபோற புருஷனா இருந்தீங்க. இப்ப நான் லீவுக்கு வந்துபோற பொண்டாட்டியா?" என்று கேட்டேன்.

"என் சம்பளத்துக்கு ஃபேமிலி விசா குடுக்க மாட்டாங்க, சௌதா. நான் என்ன செய்ய?" என்று அழாத குறையாகச் சொன்னார்.

"நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நான் செய்யுறேன்."

மறுநாள் மெர்லி தான் வேலை பார்க்கும் தையற்கடைக்கு என்னைக் கூட்டிப்போனாள். பெண்கள் போடும் கறுப்பு அங்கி தைக்கிற இடம். நடத்துவது உம் நாதிர் என்ற சிரியாக்காரி. நம் ஊரில் நான் ஜாக்கெட் தைத்த கை, உங்களுக்குத் தெரியும். உங்கள் ஜாக்கெட்டில் கைக்குழி பிடிக்கிறது என்று திருப்பி அனுப்புவீர்களே, அதே கைதான். அந்த அம்மா நான் மடித்துத் தைத்ததைத் திருப்பிப் பார்த்தாள். மெர்லியிடம் என்னவோ கேட்டாள். அவள் சிரித்துக்கொண்டே எனக்கு விளங்குகிற அரைகுறை இங்கிலீஷில் சொன்னாள்: "புருஷன் இங்க இருக்காரா, இல்ல புருஷனை விட்டு ஓடி வந்தியான்னு கேக்குறாங்க." "புருஷனை விட்டுப் போகாம இருக்கத்தான் வந்தேன்னு சொல்லு" என்றேன். அந்த அம்மா என்னை வேலைக்கு எடுத்து, விசாவை இங்கேயே வேலை விசாவாக மாற்றிக் கொடுத்துவிட்டாள். கழுத்தும் இடுப்பும் வலிக்கிறது. வலிக்கட்டும்.

அடுத்து நீங்கள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். "பொம்பளையை வேலைக்கு அனுப்பிச் சாப்பிடுற நெலைமைக்கு வந்துட்டியாடா திவா?" என்றீர்கள். அவர் முகம் வெளுத்துப்போனது. நான் போனை வாங்கக் கை நீட்டினேன். தரவில்லை.

"அவ ஊருக்கு வரல, சேச்சி. நான்தான் போகவேண்டாம்னு சொன்னேன்" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

அவர் சொன்னதில் இரண்டாவது பொய். அப்படியொரு பொய்யை உங்களிடம் சொல்ல உங்கள் தம்பிக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். தண்ணீர் குடித்தார், பாதி சட்டையில் கொட்டியது. அந்தச் சட்டையைக் கழற்றி, நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, "கெளம்பு" என்றார். எங்கே என்றேன். "கோர்ஃபக்கான். அங்க மலையும் கடலும் ஒட்டி இருக்குமாம். ஹம்ஸா சொன்னான்."

அங்கே பேன்ட்டை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கியவர், ஒரு அலை வந்ததும் மடிப்பை மறந்து இடுப்புவரை போய்விட்டார். "போதும், வாங்க!" என்று இந்தத் தடவை கத்தியது நான். அவர் திரும்பவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் தண்ணீரைக் கையால் அடித்து அடித்து விளையாடுகிறார். பக்கத்தில் நின்ற பட்டாணியக் கிழவர் கைதட்டுகிறார். அதைப் போட்டோ எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். அம்பலத்து வாசலுக்கு இதையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

வீட்டைப் பற்றி. அதைக் கட்ட அவர் இங்கே இருந்தார், அதைக் காக்க நான் அங்கே இருந்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து அதில் இருந்த நாள்களைவிட, அதற்கு வெள்ளையடித்த நாள்கள் அதிகமாக இருக்கும். ஸ்கூல் டீச்சர் குடும்பம் வாடகைக்குக் கேட்டார்களே, கொடுத்துவிடுங்கள். வாடகையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். நான் திரும்பி வரும்போது அவரோடுதான் வருவேன்.

இனி எழுதுவதை எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். எழுதுகிறேன். கோபம் வந்தால் வரட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் சுகுமாரேட்டன் மஸ்கட்டில் எத்தனையோ வருஷம் இருந்தார். கிட்னி கெட்டுப்போய் வந்தபிறகுதான் உங்கள் கூடவே இருந்தார், அதுவும் கண்ணை மூடும்வரை கொஞ்ச காலம். அவர் அங்கே எந்தத் தெருவில் இருந்தார், எந்தக் கடையில் சாயா குடித்தார், வெள்ளிக்கிழமை என்ன செய்தார், சேச்சிக்குத் தெரியுமா? நீங்கள் ஒரு தடவை போய்வர ஆசைப்பட்டதாகவும், "பொம்பளைக்கு அங்க என்ன வேலை?" என்று உங்கள் அச்சன், என் மாமனார், ஒரே வார்த்தையில் நிறுத்தியதாகவும் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்போது நான் அந்த வீட்டுக்குப் புதுசு. என்னிடம் யார் கேட்கப்போகிறார்கள்? இப்போதென்றால் உங்கள் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு வாசலில் நின்றிருப்பேன்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடுங்கள். ஹம்ஸாக்கா உதவி செய்வார். இங்கே வந்து எங்களோடு இருங்கள். கட்டிலை உங்களுக்குத் தருகிறோம். இங்கிருந்து மஸ்கட்டுக்கு பஸ் போகிறது. உங்கள் தம்பியிடம் இதைச் சொன்னேன். எழுந்து வெளியே போனார். திரும்பி வந்து, "ஏட்டன் மஸ்கட்ல ரூவிங்கிற எடத்துல ஒரு பேக்கரிக்கு மேலதான் இருந்தாரு. கண்டுபிடிச்சிடலாம்" என்றார்.

கால் வலியைச் சாக்காகச் சொல்லாதீர்கள். தைலத்தைச் சூடு பண்ணித் தடவுங்கள், வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். என்னைத் திட்டுவது மிச்சம் இருந்தால் சேர்த்து வைத்துக்கொண்டு வந்து நேரில் திட்டுங்கள். பஸ்ஸில் நீண்ட வழி. கேட்டுக்கொண்டு பக்கத்தில் நான் இருப்பேன்.

தங்கள் சொல்லுக்கு இத்தனை வருஷம் அடங்கியிருந்த, தங்கள்மேல் இன்னும் பிரியம் குறையாத,
சௌதாமினி