கார்த்திகைக் கடைசி ஞாயிறு எடுத்த அளவு

சிவமயம்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.
ஆவணி 9

அன்பு மகள் சங்கரிக்கு, உன் அப்பா திருஞானசம்பந்தம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம். பெங்களூரில் நீ நலமாக இருக்கிறாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ என் ஃபோனை எடுத்து ஏழு மாதம் ஆகிறது. மெசேஜ் அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் கடிதம். அம்மா உனக்கு வடாமும் புளிக்காய்ச்சலும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அதற்குள் இதைச் சொருகிவிடு என்றேன். "அவ படிக்காம கிழிச்சிப் போட்டா என்னைக் கேக்காதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் வாங்கி வைத்துக்கொண்டாள்.

அவளுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தைலம் தேய்த்துக்கொள் என்றால் கேட்பதில்லை, ஊரைக் கூட்டி முனக மட்டும் செய்கிறாள். நம் தெருவைத் தோண்டிப் போட்டு மாதம் ஒன்றாகிறது. நம் லேத் பட்டறைக்குத் தறிச் சாமான் கடைய வருகிறவர்கள் முனையிலேயே சைக்கிளை நிறுத்திவிட்டுச் சேற்றில் நடந்து வருகிறார்கள். வேலைக்கு ஒன்றும் குறைவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சுற்றி வளைத்தால் எழுத மாட்டேன்.

ஆடி மாதம் பட்டறையைப் பூட்டிவிட்டு நான்கு நாள் சென்னைக்குப் போய் வந்தேன். நீ உருட்டிக் குச்சிகளைச் சாய்ப்பாயே, அந்தப் பவுலிங் பந்தில் விரலுக்குத் துளை போடும் பயிற்சி வகுப்புக்கு. ஆமாம், அதே வகுப்புதான். "அதான் ஒரு வாட்டி போயி சர்ட்டிபிகேட் வாங்கினு வந்தீங்களே, மறுபடியும் இன்னாத்துக்கு?" என்று அம்மா கேட்டாள். ஆடியில் ஒரு ஆணிகூடப் புதிதாக அடிக்காத மனிதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துவிட்டாள்.

போன கார்த்திகையில் நான் அந்த வகுப்புக்குப் போனது உனக்குத் தெரியும். பாதிதான் போனேன் என்பது உனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. மொத்தம் நான்கு நாள். முதல் இரண்டு நாள் ஆடுகிறவர்களின் கையை அளக்கச் சொல்லித் தருவார்கள், அடுத்த இரண்டு நாள் பந்தைத் துளைக்க. கடைசிச் சோமவாரம், கோயிலில் எங்கள் வீட்டு உபயம் இருக்கிறது என்று சொல்லி முதல் இரண்டு நாளுக்கும் மட்டம் போட்டேன். உபயம் இருந்தது நிஜம். ஒரு வேளையில் முடிந்துவிட்டது. மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுக் கால் நீட்டித் தூங்கினேன். முப்பது வருஷமாக இரும்பில் துளை போடுகிறவனுக்குப் பெற்ற பெண்ணின் விரலை அளக்க எவனோ ஒருத்தன் சொல்லித் தர வேண்டுமா என்ற திமிர். பழியைச் சாமி மேல் போட்டேன்.

உன் புதுப் பந்து அந்த வாரக் கடைசியில் வந்து சேர்ந்தது. திங்கட்கிழமை மார்கழி பிறக்கிறது. மார்கழியில் புதுக் காரியம் தொடங்கக் கூடாது என்று, கார்த்திகைக் கடைசி ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கு உன்னைத் தட்டி எழுப்பினேன். பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வரச் சொல்லி, ஈரம் காயாத கையைப் பிடித்து அளவு எடுத்தேன். "கை ஜில்லுனு இருக்குதுப்பா, கொஞ்ச நேரம் ஆவட்டும்" என்றாய். நல்ல நேரம் போய்விடும் என்று அதட்டினேன். நீ கையைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாய்.

துளை போட்டு முடித்ததும் விரலை விட்டுப் பார்த்து, "கட்டை விரல் பிடிக்குதுப்பா" என்றாய். "புதுசுன்னா அப்பிடித்தாம்மா இருக்கும், பழகிடும்" என்றேன். பத்து நாள் கழித்து மறுபடி வந்து நின்றாய். கொஞ்சம் பெரிதாக்கிக் கொடுத்துவிடுப்பா என்று கெஞ்சினாய். மார்கழியில் கை வைக்க மாட்டேன், தைக்குப் பார்க்கலாம் என்றேன். தையில் என்ன இருக்கிறது, உன் மாநில அணித் தேர்வு மார்கழியிலேயே முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நான் போட்ட துளை தப்பு என்று என் வாயால் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. அவ்வளவுதான் சங்கரி. மாதத்தைக் காரணம் சொன்னேன்.

தேர்வு அன்று நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். மூன்றாவது ஆட்டத்தில் விரல் வீங்கி, துளைக்குள் மாட்டி, பந்தோடு சேர்ந்து உன் கையும் இழுபட்டது. நீ அலறிய சத்தத்தில் பக்கத்தில் ஆடியவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள். கோச் சுகாசினி மேடம் ஓடி வந்தார். நானும் ஓடி வந்தேன். வந்து உன் விரலைப் பார்த்தேனா? பந்தைப் பார்த்தேன். "பந்து கரெக்டாத்தான் இருக்குது மேடம். இவளுக்குத்தான் கை நடுங்குது. பயந்துக்கினே வுட்டா" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னேன்.

நீ என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாய். துளை போட்டது என் அப்பாதான், பிடிக்கிறது என்று இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை என்று நீ அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மீதி ஆட்டத்தையும் ஆடினாய். லிஸ்டில் உன் பெயர் வரவில்லை. பொங்கல் முடிந்ததும் பெங்களூர் வேலைக்குக் கிளம்பிவிட்டாய். பஸ் ஏற்றிவிட நான் வந்தபோது பையைக்கூட என் கையில் கொடுக்கவில்லை.

ஆனி மாதம் வீடியோவில் பேசும்போது நீ இடது கையால் தோசை திருப்பினாயாம். ஃபோனை வைத்துவிட்டு அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நான்தான் கேட்டுக் கேட்டு வாங்கினேன். மறுநாளே வகுப்புக்கு மறுபடியும் பெயர் கொடுத்தேன்.

இந்த முறை முதல் நாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். வாத்தியார் ஆனந்தகுமாருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. இரண்டாம் நாள் ஒருவர் கையை ஒருவர் அளக்க வேண்டும். எனக்கு ஜோடியாக வந்தது ஜெயப்ரியா என்கிற பெண். நம் முசரவாக்கத்துப் பெண்தான், சென்னையில் ஒரு பவுலிங் சென்டரில் வேலை. உன் வயது, உன் கை அளவு. மாதிரிப் பந்தில் விரலை விட்டுப் பார்த்தவள், "அண்ணா, கட்டை விரலு கொஞ்சம் புடிச்சிக்கினு இருக்குது" என்றாள். நான் யோசிக்கவே இல்லை. "பழகிடும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

வாத்தியாரும் கேட்டுவிட்டார். "ஐயா, அவங்க பிடிக்குதுன்னா பிடிக்குது. நீங்க எத்தனை வாட்டி அளந்தாலும் அவங்க வாயால சொல்றதுதான் அளவு" என்றார். அப்புறம்தான் சொன்னார். விடியற்காலையில், குளிரில், தண்ணீரில் நனைந்த கையை அளக்கவே கூடாதாம். அப்போது விரல் சுருங்கியிருக்கும். ஆட ஆட வீங்கும். நாலு ஆட்டம் ஆடவிட்டு, கை சூடான பிறகு அளக்க வேண்டும். விரல் சுருங்கித் துளை தளர்வாக இருந்தால், உள்ளே ஒரு துண்டு டேப் ஒட்டிக்கொண்டால் போதும். அடக் கடவுளே, ஒரு துண்டு டேப்! போன தடவை நான் வீட்டில் தூங்கிய அந்த இரண்டாம் நாள் பாடம் இதுதான்.

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினோரு பேர் இருந்தார்கள். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். ஜெயப்ரியா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

வகுப்பு முடிந்த மறுநாள் சுகாசினி மேடத்தைப் போய்ப் பார்த்தேன். கை நடுங்கியது உனக்கல்ல, புத்தி கெட்டது எனக்கு என்று சொன்னேன். அவர் தேர்வு ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். "அவளுக்கு மன தைரியம் பத்தாதுன்னு நான் எழுதிட்டேனே சார்" என்றார். அதை அடித்துவிட்டு வேறு எழுதுவதாகச் சொன்னார். புரட்டாசியில் அடுத்த தேர்வு இருக்கிறதாம். டாக்டர் விரலைப் பார்த்துச் சரி என்றால் நீ வரலாம். இந்த மாதக் கடைசிக்குள் அவரிடம் நீயே சொல்ல வேண்டும்.

போ என்று நான் சொல்லவில்லை. சொல்லும் தகுதியை நானே கெடுத்துக்கொண்டேன். ஆட வேண்டாம் என்று தோன்றினால் ஆடாதே. ஆடுவதானால் என்னிடம் பந்தைக் கொண்டுவராதே. பெங்களூரில் நன்றாகத் துளை போடுகிற ஒருவரின் நம்பரை ஆனந்தகுமார் கொடுத்திருக்கிறார், பின்பக்கம் எழுதியிருக்கிறேன். அவரிடம் மத்தியானத்துக்கு மேல் போ. வலித்தால் வலிக்கிறது என்று சொல். ஒருமுறை சொல்லிக் கேட்காவிட்டால் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடு. யாராக இருந்தாலும் சரி, பழகிவிடும் என்று சொல்ல விடாதே.

விரலுக்கு டாக்டர் என்ன சொல்கிறார் என்று அம்மாவிடமாவது சொல். அவளிடம் பேசும்போது எனக்கும் ஒரு தடவை ஃபோனைக் கொடுக்கச் சொல்லேன் சங்கரி. திட்டுவதற்காகவே கொடுக்கச் சொல். நான் குறுக்கே பேச மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் நின்று கேட்கிறேன். நீ பேசாமல் இருந்தாலும் நான் வைக்க மாட்டேன்.

ஏகாம்பரநாதர் உன் கைக்கு நோவு இல்லாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கும்
அப்பா,
திருஞானசம்பந்தம்