உன் காரில் அணையாத மஞ்சள் விளக்கு

கோபம் வந்தால் திட்டாமல் எழுந்து போய்விடுகிற என் பிரிய அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருடமாகிறது. உன் காரை நான்தான் ஓட்டுகிறேன். "நிறுத்தியே வச்சா வீணாப் போயிரும் தம்பி, நீங்களே எடுத்து ஓட்டுங்க" என்று மதினிதான் சாவியைக் கொடுத்தார்கள். மூன்றாம் வாரமே ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்த மஞ்சள் விளக்கு எரிந்தது.

காளவாசல் பக்கம் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்த்து, "ஆக்சிஜன் சென்சார்ல எரர் கோடு காட்டுது சார்" என்றார்கள். புகைக்குழாயில் எவ்வளவு ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது என்று இன்ஜினுக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. மாற்றினார்கள். நான்காம் நாள் ஆனையூர் வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. இன்னொரு சென்சார் மாட்டினார்கள். அதுவும் ஒரு வாரம்தான். அடுத்த முறை ஒயரைக் குறை சொன்னார்கள். நான் கத்தியதும் மேனேஜர் கம்ப்யூட்டரில் அந்த எரர் கோடு வராமல் அழித்துக் காட்டி, "இப்ப இல்ல பாருங்க சார்" என்றான். அழித்துவிட்டால் சரியாகிவிட்டதா? இவனையெல்லாம் யார் வேலைக்கு வைக்கிறார்கள்?

இப்படியே மாதங்கள் போயின. போன மாதம் மதினி சொல்லிவிட்டார்கள்: "வெள்ளிக்கிழமைக்குள்ள அணையலைன்னா வித்துருவோம் தம்பி. ஆக்சிஜன் ஆக்சிஜன்னு ஆஸ்பத்திரியில கேட்டது போதும்."

உன் கார் இன்னொருவன் வாசலில் நிற்பதா? வேறு வழியில்லாமல் அவனியாபுரத்துக்குப் போனேன். உன் சிநேகிதன் மெக்கானிக் முருகையாவிடம். உன் காரியத்தன்று பந்தலில் எல்லார் காதிலும் விழும்படி, "உயிரோட இருக்கும்போது பேசாதவன் இப்ப அழுகுறான்" என்றவன். அந்த வாய்க்காகவே அதுவரை அவன் பட்டறையை நான் மிதிக்கவில்லை.

"வாங்க மாப்ள. காளவாசல்ல எல்லாரும் லீவா?" என்றான்.

சாவியை நீட்டினேன். அவன் எந்தக் கம்ப்யூட்டரையும் சொருகவில்லை. காரைக் குழிமேல் நிறுத்தி, ஓடும் இன்ஜினின் சைலன்சர் வாயை ஈரத்துணியால் அமுக்கச் சொன்னான். கீழே இறங்கிப் புகைக்குழாயில் சோப்புத் தண்ணீர் தெளித்தான். சென்சாருக்கு ஒரு சாண் முன்னால் குமிழ் குமிழாக நுரைத்தது.

"குழாய் கீறியிருக்கு. வாயை அமுக்குனா புகை வெளிய வருது, ஓடும்போது வெளிக்காத்து உள்ள போகுது. சென்சார் அதத்தான் சொல்லிக்கிட்டே இருந்திருக்கு. நீங்க என்னடான்னா சொல்றவனையே மாத்திக்கிட்டு இருந்திருக்கீங்க."

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தான். "அடியில பூரா சிமெண்ட்டு ஒரசியிருக்கு. தெனமும் எங்க மாப்ள தட்டுறீங்க?"

எங்கே தட்டுகிறது என்று உனக்குத் தெரியும்.

எதிர்வீட்டுக்காரன் மகன் பைக்கை முறுக்கிக்கொண்டு பறக்கிறான் என்று, தெருக் கமிட்டியில் சண்டை போட்டு நம் வாசலில் வேகத்தடை போட வைத்தவன் நான். பக்கத்திலேயே நின்று, இன்னும் இரண்டு சட்டி சிமெண்ட் கொட்டச் சொன்னவனும் நான்தான். நீ மாடியிலிருந்து இறங்கி வந்து கேட்டாய்: "இம்புட்டு உயரம் எதுக்குடா? நம்ம வண்டிதேன் அடி தட்டும்."

"அப்ப நீ வேற தெரு வழியாப் போ" என்றேன்.

நீ அப்படியே செய்தாய். ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை ஏழு மாதம் பின்தெரு வழியாகச் சுற்றி வந்து, அங்கேயே காரை நிறுத்திவிட்டு நடந்து வந்தாய். ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கியும் நாம் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா அண்ணே? அந்தக் கோபமும் எனக்கு உன்மேல் இருக்கிறது.

முருகையா குழாயைப் பற்றவைத்துக் கொடுத்தான். விளக்கு அணைந்து மூன்று வாரமாகிறது. விற்கும் பேச்சை மதினி எடுக்கவில்லை. ஆனால் வாசலில் ஏறும்போதெல்லாம் கீழே கர்ரென்று உரசுகிறது. நீ அன்றைக்குக் கேட்ட கேள்வி மறுபடி காதில் விழுகிறது.

ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்து நானே அந்த வேகத்தடையைப் பெயர்க்கப் போகிறேன். எதிர்வீட்டுக்காரன் பார்த்துச் சிரிப்பான். அவன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்தபாடில்லை, உன்னிடம் ஏன் பொய் சொல்ல வேண்டும்? சிரித்துவிட்டுப் போகட்டும். இனி உன் கார் நேர்வழியாகவே வீட்டுக்கு வரும். இது சத்தியம்.

உன்னைப் பின்தெருவில் சுற்றவிட்ட தம்பி,
செல்வம்