ஏழாம் வண்டியின் கடவுச்சொல்

மார்ச் 3, செவ்வாய்

ஆம்புலன்ஸ்களுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே செய்தி கடத்தும் சர்வரை இன்று ஒருவழியாகப் புதிய முறைக்கு மாற்றிவிட்டேன். பதினொரு வண்டிகளின் பெயரும் கடவுச்சொல்லும் இதுவரை ஒரே கோப்பில் அப்பட்டமாகக் கிடந்தன. இனி எல்லாம் டேட்டாபேஸில். ஓர் அட்டவணையில் யார் யார். இன்னொன்றில் யார் எதைப் படிக்கலாம், எங்கே எழுதலாம். ஒரு பெயருக்கு ஒரே இணைப்பு என்றும் போட்டிருக்கிறேன். டேட்டாபேஸின் சாவி இரண்டு பேரிடம்தான்: நான், பக்கத்து மேசைக் கண்ணாடி. (பெயர் வைத்தது நான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசை முழுக்கத் தேடுவான்.)

மார்ச் 5

மதியம் 1:34. ஏழாம் வண்டியின் இணைப்பு அறுந்து ஆறு நிமிடம் கழித்து வந்தது.

மார்ச் 6

இன்று 1:33. கோளாறு மணி பார்த்தா வரும்?

பதிவைத் தோண்டினேன். ஏழாம் வண்டியின் பெயரிலேயே வேறு யாரோ வெளியிலிருந்து நுழைகிறார்கள். உள்ளே இருக்கும் வண்டியை சர்வர் வெளியே தள்ளிவிடுகிறது. கடவுச்சொல் சரியாக இருக்கிறது. அது யாருக்குத் தெரியும்? வண்டி ஓட்டும் அண்ணனுக்கு. தன் வண்டியைத் தானே வேவு பார்த்து அவருக்கு என்ன ஆகப்போகிறது? அப்புறம் எனக்கு. அப்புறம் கண்ணாடிக்கு.

கண்ணாடி தினமும் ஒன்றரைக்குப் போனை எடுத்துக்கொண்டு வாகன நிறுத்தத்துக்குப் போகிறான்.

கடவுச்சொல்லை இப்போதே மாற்றிவிடலாம். ஆனால் ஆள் யாரென்று தெரியாமலே போய்விடும். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். விட்டுவைத்திருக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

"என்ன, என் ஸ்கிரீனையே எட்டி எட்டிப் பாக்குறே?" என்றான் கண்ணாடி.

"சும்மாதான்."

எதற்கு அப்படிக் கேட்டான்?

மார்ச் 10

1:35க்கு ஏழாம் வண்டிக்குப் போன அழைப்பு போய்ச் சேரவில்லை. மூச்சுத் திணறிய ஒரு பெரியவர். கட்டுப்பாட்டு அறையில் கவனித்து, போன் போட்டுச் சொல்லி, வண்டி கிளம்ப ஒன்பது நிமிடம் தாமதம். பிழைத்துவிட்டார். பிழைத்துவிட்டார்.

மேலாளர் கதவைச் சாத்தினார். "பாஸ்வேர்டு தெரிஞ்ச நம்ம ஆள்தான் யாரோ பண்றாங்க. உனக்கு யார் மேல சந்தேகம்?"

சொல்லிவிட்டேன்.

மாலைக்குள் கண்ணாடியின் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, விசாரணை முடியும்வரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். பையை எடுக்கும்போது அவன் சத்தம் போடவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" அவ்வளவுதான்.

கடவுச்சொல்லை மாற்றினேன். நாலு நாள் தெரிந்தே விட்டுவைத்ததை மேலாளரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லையே!

மார்ச் 11

1:34க்குப் பழைய கடவுச்சொல்லோடு பதினாறு முறை முட்டியிருக்கிறார்கள். கண்ணாடி இன்னும் விடவில்லை என்றே நினைத்தேன்.

இரண்டே கால் மணிக்கு வரவேற்பறையில் ஒரு பெண். கழுத்தில் தையல் அளவு நாடா, அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல் ஓடி வந்திருக்கிறார். "ஏழாம் வண்டி எங்கே மேடம்? அவர் நல்லா இருக்காரா? போன் மேப்புல அவர் வண்டிப் புள்ளியே காணோம்."

வண்டி ஓட்டும் அண்ணனின் மனைவி.

உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். "வீட்ல ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டார். வெளிய தெரிஞ்சா வேலை போயிடும், யார்ட்டயும் சொல்லாதேன்னு சத்தியம் வாங்கிட்டார். வண்டி மெஷின்ல பேரும் பாஸ்வேர்டும் ஒட்டியிருந்துச்சு, எழுதிக்கிட்டேன். என் தங்கச்சிதான் போன்ல வெச்சுக் குடுத்தா. சாப்பாட்டு நேரத்துல பாப்பேன். புள்ளி நகர்ந்தா ஒரு வாய் உள்ளே இறங்கும்."

"எத்தனை நாளா?"

"நாலு மாசமா."

நாலு மாதமாக அண்ணி ஓசையில்லாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒரே இணைப்பு என்று நான் போட்ட பிறகுதான் வண்டி அறுந்திருக்கிறது.

மயங்கி விழுகிறவர் நோயாளியை ஏற்றிக்கொண்டு ஓட்டுகிறாரே — இதை எப்படி நான் மூடி வைப்பது?

மார்ச் 12

மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனின் மயக்கம், அண்ணியின் போன், கண்ணாடி எதுவும் செய்யவில்லை என்பது, நான் விட்டுவைத்த நாலு நாள். கடைசியைச் சொல்லும்போது அவர் பேனாவை மூடினார். "சாவியைக் குடுத்துட்டுப் போ."

கண்ணாடிக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் செய்தேன். எடுக்கவில்லை.

மார்ச் 19

அண்ணனுக்கு இதயத் துடிப்பு நடுநடுவே நின்று வருகிறதாம். நெஞ்சில் பேஸ்மேக்கர் கருவி வைத்துவிட்டார்கள். அண்ணி என்னிடம் பேசினார். அண்ணன் பேசவில்லை.

ஏப்ரல் 2

அண்ணனுக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள். சந்து பொந்தெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஓட்டுநர்களுக்குக் காதில் வழி சொல்கிறார். என்னைக் கண்டால் தலையசைக்கிறார்.

கண்ணாடி திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. மேசையைச் சுவரோரம் மாற்றிக்கொண்டான். சாவி இப்போது அவனிடம் மட்டும்தான். புதுக் கணக்கு திறந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி மேலாளர் இன்று என்னை அவனிடம் அனுப்பினார். மன்னிப்பு கேட்டேன். "ம்" என்றான்.

"என்ன உரிமை வேணும்?"

"படிக்க மட்டும் போதும்."

என் பெயரை அட்டவணையில் ஏற்றினான். அது பதிவாக, அடுத்து அவனுடைய கடவுச்சொல்லை அடிக்க வேண்டும். திரையைச் சற்றே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.