தர்சன் சொன்ன கெட்ட வார்த்தை

2024 மே 13, திங்கள்

கை கழுவும் தொட்டி திரும்பவும் அடைத்துக்கொண்டது. புதிதாகச் சேர்ந்த ஷிஃபான் இன்றும் உம்மாவைக் கேட்டு ஒரே அழுகை. நாளைக்கு மாத்தளைக்குப் போய் வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு ஒட்டத் தாள் வாங்க வேண்டும். பிள்ளைகளைப் பர்ஸானா பார்த்துக்கொள்வாள். முன்பள்ளி முதலாளி ஜிப்ரி ஹாஜியாரின் தங்கச்சி மகள் என்றுதான் வேலைக்கு வந்தாள். ஆனாலும் சுறுசுறுப்பானவள்.

மே 14, செவ்வாய்

யா அல்லாஹ், நாலு வயதுப் பிள்ளை!

மாத்தளையிலிருந்து திரும்பி இரத்தோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி கேட்டருகே வரும்போதே அழுகை கேட்டது. ஷிஃபான்தான் என்று நினைத்தேன். இல்லை, தர்சன். உதடு இரண்டும் வீங்கி, நாக்கை வெளியே போட்டுக்கொண்டு மூச்சு வாங்கினான். பக்கத்தில் பர்ஸானா. வேலியோர மிளகாய்ச் செடியில் பிடுங்கிய கொச்சிக்காய் அவள் கையில்.

"ராத்தா, இவன் ஷிஃபானைப் பார்த்து பொன்னயான்னு சொல்றான்! பஸ் ஸ்டாண்டுல பேசுற பேச்சு. எங்கட வீட்டுல இப்படிப் பேசினா உம்மா கொச்சிக்காய்தான் பூசுவாங்க."

சிங்களத்தில் அது ஆண்களைக் கேவலப்படுத்தும் வசவு. கொச்சிக்காயைப் பிடுங்கி எறிந்தேன். பாலில் துணியை நனைத்து அவன் உதட்டில் வைத்தேன். பர்ஸானாவை வாயில் வந்தபடி ஏசினேன். ஆனாலும் மனதுக்குள் ஒன்று ஓடியது — இந்தப் பேச்சை எங்கே பழகினான் இவன்?

மே 15, புதன்

தர்சனின் அம்மா கமலாட்சி காலையிலேயே வந்துவிட்டாள். தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகவில்லை. சண்டைக்கு வருகிறாள் என்றுதான் நினைத்தேன். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள்!

"என்ன பேசினான்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறான் டீச்சர். வாயே தொறக்க மாட்டேங்கிறான்."

குரலைத் தாழ்த்தி அந்த வார்த்தையைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்தாள்.

"அது நான் கூப்பிடுறதுங்க, டீச்சர். அவன் அழுதா, அழாத பொன்னையா, என் பொன்னையான்னுதான் தூக்குவேன். அந்தச் சின்னப் புள்ள அழுதிச்சுல்ல…"

பொன்னு, ஐயா. அவ்வளவுதானே! பொன்னையா என்று பெயர் வைத்த மனுசர் எத்தனை பேரை எனக்கே தெரியும். நாள் முழுக்கச் சிங்களமும் தமிழும் கலந்து பேசுகிற என் காதில் வசவுதான் முதலில் விழுந்திருக்கிறது. அந்தப் பிள்ளை அழுகிற பிள்ளையைத் தேற்றியிருக்கிறான். அதற்குத்தான் கொச்சிக்காய்.

சரி, கெட்ட வார்த்தையாகவே இருந்திருந்தால்? அப்போது மட்டும் பூசலாமா? ஏன் அதை நேற்றே கேட்டுக்கொள்ளவில்லை நான்?

போகும்போது கமலாட்சி சொன்னாள்: "தப்புப் பண்ணினா அடிங்க டீச்சர். புள்ளைய மட்டும் நிப்பாட்டிராதீங்க." அடிங்கன்னு சொல்றாளே! என்ன செஞ்சு வச்சிருக்கோம் நாங்க இந்தச் சனத்தை?

மே 16, வியாழன்

தர்சன் வரவில்லை.

மே 17, வெள்ளி

ஜும்ஆ முடிந்ததும் ஹாஜியாரின் ஏலக்காய்க் கடைக்குப் போனேன். பெற்றோரைக் கூட்டி நடந்ததைச் சொல்ல வேண்டும், முன்பள்ளி அதிகாரிக்கும் அறிவிக்க வேண்டும் என்றேன்.

"மஸீனா டீச்சர், பர்ஸானாவுக்குக் கல்யாணம் பேசி ஈக்கி. தாய்க்காரியே வாய் தொறக்கல்ல. நீங்க ஏன் கிளறுறீங்க?"

"அவ தொறக்க மாட்டா, ஹாஜியார். அதனாலதான் நான் பேசுறேன்."

"ஸ்கூல் என்ட. யோசிச்சுப் பேசுங்க."

நோன்பு காலத்தில் வீடு வீடாக அரிசி கொடுக்கிற மனுசன். அவர் வாயிலிருந்தா இது வந்தது? திரும்பி வரும்போது பாதையே சரியாகத் தெரியவில்லை.

மே 20, திங்கள்

அதிகாரிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "வேலை போயிடும்" என்றார் என் கணவர் நுஹ்மான். போகட்டும் என்றேன். பயம் இல்லாமல் இல்லை.

மே 28, செவ்வாய்

வெசாக் லீவு முடிந்து இன்று அதிகாரி வந்தார். சின்ன நாற்காலிகளில் பெரியவர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தோம். முதலில் கமலாட்சியைக் கேட்டார்.

"அவனேதாங்க செடியில பிச்சு வாயில வச்சுக்கிட்டான். டீச்சருங்க மேல ஒரு குத்தமும் இல்லீங்க."

ஹாஜியார் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே விளங்கிவிட்டது, பிள்ளையின் இடம் போய்விடும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். நான் எழும்ப முந்தி இன்னொருத்தி எழும்பினாள். பர்ஸானா.

"பொய். நான்தான் பூசின."

"பர்ஸானா, இரு!" ஹாஜியார் போட்ட சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். அவள் உட்காரவில்லை.

"கொச்சிக்காய் பட்ட கையால அண்டைக்கி என்ட கண்ணைத் தொட்டுட்டேன், மாமா. கழுவக் கழுவ எரிஞ்சிச்சு. அவன்ட வாய் எப்படி எரிஞ்சீக்கும்?"

கமலாட்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி எடுத்து முடிக்கும் வரை பர்ஸானா வகுப்புக்குள் வரக் கூடாது, தர்சனின் இடத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று அதிகாரி சொல்லிப் போனார். இவளா எழும்பினாள்! இன்னும் நம்ப முடியவில்லை.

மே 29, புதன்

டிசம்பரோடு வேலையிலிருந்து என்னை நின்றுகொள்ளச் சொல்லி ஹாஜியார் ஆள் அனுப்பினார். சரி.

ஜூன் 3, திங்கள்

தர்சன் வந்தான்! அம்மாவின் விரலைப் பிடித்துக்கொண்டு கேட்டடியில் நின்றான். சந்தோசம் தாங்காமல் ஓடினேன்.

என்னைக் கண்டதும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"மஸீனா டீச்சர்டா. ஒண்ணும் செய்ய மாட்டாங்க" என்றாள் கமலாட்சி. அவன் கையை எடுக்கவில்லை. நான் தொடவேயில்லையே அவனை! பால் நனைத்து வைத்தது நான்தானே! ஆனால் அவனுக்கு நானும் டீச்சர்தான்.

நின்ற இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். ஷிஃபான் வந்து அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்தான். தர்சன் போனான். ஒரு கை இன்னும் வாயில்தான் இருந்தது.