கேமரா அணைந்த பிறகு நீங்கள் பேசியது

என் உயிரான அப்பாவுக்கு,

நம் பட்டறை வந்த நிகழ்ச்சியைப் போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் போட்டார்கள். குடும்பமாகச் சேர்ந்து பழைய புல்லட்டுகளை உருமாற்றித் தருகிறவர்களைப் பற்றிய தொடர் என்றுதானே நம்மிடம் சொன்னார்கள்? உடன்குடி வியாபாரிக்குச் செய்த வண்டி மின்னியது. டேங்கில் நான் வரைந்த சங்கும் நன்றாகத் தெரிந்தது. ஆனால் தூத்துக்குடி பேசுவது வண்டியைப் பற்றி இல்லை.

அந்தோணி அண்ணன் துபாயிலிருந்து திரும்பியது முதல், ஒரே பட்டறையில் நின்றுகொண்டு நீங்கள் இருவரும் என் வழியாகத்தான் பேசினீர்கள். உங்களைக் கேட்காமல் போய்விட்டான் என்ற கோபம் என்றே நினைத்திருந்தேன். அந்த வண்டிக்கு முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நீளமாக வேண்டும் என்றான் அவன். உடன்குடிச் செம்மணலில் முன்சக்கரம் ஆடும் என்றீர்கள் நீங்கள். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள் என்று டைரக்டர் சொன்னதும், அடக்கிவைத்த பேச்செல்லாம் வெளியே வந்துவிட்டது.

"நீ இல்லாமலேயும் இந்தப் பட்டறை நடந்துச்சுல்லா," என்றீர்கள்.

"அப்ப நடத்துங்க. இனி உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்," என்றான்.

டிவியில் அதோடு நிறுத்தி, அடுத்து மாலை போட்ட உங்கள் படத்தைக் காட்டினார்கள். படப்பிடிப்பு முடிந்த அடுத்த மாதமே நீங்கள் மாரடைப்பில் போனது அவர்களுக்கு வசதியாகிவிட்டதா அப்பா?

மறுநாள் டீக்கடையில் ஒரு அண்ணாச்சி, பெற்ற அப்பனை இப்படிப் பேசித்தான் கொன்றாயா என்று எல்லார் முன்னாலும் அண்ணனிடம் கேட்டிருக்கிறார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தவன் அதன்பின் பட்டறைப் பக்கமே போகவில்லை.

கேமராவை அணைத்துவிட்டு அவர்கள் சாப்பிடப் போன பிறகு, நாம் மூவர் மட்டும் இருந்தபோது நடந்தது ஊருக்கு எப்படித் தெரியும்? நீங்கள் டயர்மேல் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னீர்கள்.

"நீ போன அன்னைக்கு நானும் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வந்தேம்ல. வெளியவே நின்னுட்டேன்."

"ஏன் கூப்பிடலப்பா?"

"கூப்பிட்டா நீ போயிருக்க மாட்டல்லா."

கிரீஸ் படிந்த உங்கள் கைகளைப் பிடித்துக்கொண்டு அண்ணன் அழுதான். ஃபோர்க்கைக் குறைத்தது அவன்தான். பாதிதான் குறைக்க விட்டீர்கள்.

இப்போது சேனலிலிருந்து மறுபடி கூப்பிடுகிறார்கள். அண்ணன் உங்கள் படத்தின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்பதுபோல் எடுக்கவேண்டுமாம். அவன் மறுத்துவிட்டான். நடந்ததையாவது சொல் என்று நான் கேட்டால், அப்பா தன்னிடம் பேசியதை ஊருக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்கிறான்.

அம்மாதான் என்னைக் கூப்பிட்டு, "ஏளா, நடந்தத நீ எழுது, ஊரு படிக்கட்டும். இவன் இப்படியே உக்காந்துட்டா நான் தாங்க மாட்டேன்," என்றாள்.

இதுவரை எழுதியதை அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தான். ஒரு வார்த்தையைக்கூட எடுக்கச் சொல்லவில்லை.

நாளைக் காலையில் நானே பட்டறை ஷட்டரைத் தூக்கப்போகிறேன் அப்பா. அண்ணன் வராவிட்டால் அதற்கு மறுநாளும் தூக்குவேன். அவன் வந்து நிற்கும்வரை அதை மூடிக்கிடக்க விடமாட்டேன்.

உங்கள் மகள்,
அந்தோணியின் தங்கச்சி,
ரோஸி