ஊறுகாய் ஜாடியில் ஈரக் கை

லாலாகுடா, ஜூலை 1974

அன்புள்ள அக்கா,

இதனால் உலகத்தாருக்கு அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ஆவக்காய் ஜாடியில் பூசணம் பூத்துவிட்டது!

"ஈரக் கையை விட்டது ஆம்பளைங்கதான். இந்த வீட்ல எது கெட்டாலும் இவங்கதான்" என்றாள் அம்மா. நான் ஆண்குலத்துக்கே வக்கீலாகி முழங்கினேன்: "சாட்சி எங்கே? அக்கா இங்க இருந்தா அவளைச் சந்தேகப்படுவியா?"

அப்போதுதான் அப்பா பேப்பரை மடித்தார். "நான்தான் கனகம், விடு."

அல்சர்காரர் திருட்டுத்தனமாய் ஊறுகாய் தின்றாரென்று அம்மா மூன்று நாளாக அவரோடு பேசவில்லை. அவரோ சத்தமில்லாமல் மோர்சாதம் சாப்பிடுகிறார். செய்யாததை அப்பா ஏன் ஒப்புக்கொண்டார், அக்கா? கேட்கவும் பயமாயிருக்கிறது.

ஏனென்றால், கழுவிய கையைத் துடைக்காமல் ஜாடிக்குள் விட்டது வக்கீல்தான். அம்மாவிடம் எப்படி ஆரம்பிப்பது? சீக்கிரம் எழுது.

உன் அசட்டுத் தம்பி